நடுவில் உட்கார்ந்து ஓட்டும் கார்: மெக்லாரன் எஃப்1

மணிக்கு 386.4 கிலோமீட்டர். 1998 மார்ச் 31 அன்று ஜெர்மனியின் ஏரா-லெஸ்ஸியன் சோதனைத் தடத்தில் ஆண்டி வாலஸ் ஓட்டிய மெக்லாரன் எஃப்1 எட்டிய வேகம் இது. கார் புதியதுகூட இல்லை. எக்ஸ்பி5 என்ற பெயருடைய, ஐந்து வருடம் பழைய சோதனை மாதிரி. இன்ஜின் ஒரு அளவுக்கு மேல் சுழலாமல் தடுக்கும் லிமிட்டரைத் தளர்த்தினார்கள், ஓட்டிப் பார்த்தார்கள். 2005 வரை, சாலையில் ஓட்ட அனுமதியுள்ள வேறு எந்தத் தயாரிப்புக் காரும் அந்த எண்ணைத் தாண்டவில்லை.

எஃப்1 பற்றிப் பேசும் எல்லோரும் இந்த எண்ணில்தான் தொடங்குவார்கள். வேடிக்கை என்னவென்றால், இந்தக் காரை வடிவமைத்த கார்டன் மரேக்கு உச்ச வேகம் ஒரு இலக்காகவே இருக்கவில்லை. ஓட்டுபவருக்கு மிகச் சிறந்த அனுபவத்தைத் தரும் கார் வேண்டும், அது முடிந்தவரை லேசாக இருக்க வேண்டும் என்பதுதான் அவர் கணக்கு. வேகம் அந்தக் கணக்கின் மிச்சமாக வந்து சேர்ந்தது. எஃப்1-இன் அருமையும் அதை ஓட்டுவதிலுள்ள சிரமமும் அந்த ஒரே கணக்கிலிருந்து வருகின்றன என்பது என் எண்ணம்.

கதை 1988-இல் தொடங்குகிறது. அந்த வருடம் ஃபார்முலா 1-இல் மெக்லாரன் அணி 16 பந்தயங்களில் 15-ஐ வென்றது. தவறவிட்ட ஒன்றே ஒன்று, இத்தாலியின் மொன்சா. அந்தப் பந்தயம் முடிந்து மிலானின் லினாத்தே விமான நிலையத்தில் விமானத்துக்காகக் காத்திருந்த நேரத்தில் அணித் தலைவர் ரான் டென்னிஸ், அவர் கூட்டாளிகள் மன்சூர் ஓஜே, கிரைட்டன் பிரவுன், அணியின் பொறியாளரான மரே ஆகிய நால்வரும் பேசிக்கொண்டதில் சாலைக் கார் யோசனை உருப்பெற்றது. வெளித்தோற்றத்தை வரைந்தவர் பீட்டர் ஸ்டீவன்ஸ். 1992 மே மாதம் மொனாக்கோவில் காரை உலகுக்குக் காட்டினார்கள்.

அப்போது சூப்பர்கார் என்றால் எல்லோர் மனதிலும் ஒரு படம் இருந்தது: அகலமான உடல், பின்னால் பெரிய இறக்கை, டர்போ, உள்ளே வெந்நீர்க் குளியல் போட்டதுபோன்ற சூடு, கழுத்தைத் திருப்பினாலும் பின்னால் எதுவும் தெரியாத கண்ணாடி. மரே இந்தப் படத்தை ஏற்கவில்லை. அவர் உரைகல்லாக எடுத்துக்கொண்டது ஹோண்டா என்எஸ்எக்ஸ். குதிரைத்திறனில் அது சாதாரணம்தான். ஆனால் தினமும் ஓட்டலாம், சாலையின் மேடுபள்ளங்களை நிதானமாகத் தாங்கும், திருப்பினால் சொன்னபடி திரும்பும். அதை ஓட்டிப் பார்த்த பிறகு மற்ற சூப்பர்கார்களை அளவுகோலாக வைப்பதையே அவர் விட்டுவிட்டார்.

அடுத்தது எடை. குறி 1,000 கிலோ. முடிவில் 1,138 கிலோ ஆனது. குறி தவறினாலும், இதே ரகக் கார்களோடு ஒப்பிட்டால் அது நம்ப முடியாத அளவுக்குக் குறைவு. இதற்கு அடித்தளம் கார்பன் ஃபைபர் உடற்கூடு. ஃபார்முலா 1-இல் இந்த உடற்கூட்டை 1981-லேயே எம்பி4/1 காரின் மூலம் கொண்டுவந்தது மெக்லாரன்தான். முழு கார்பன் ஃபைபர் உடற்கூட்டோடு வந்த முதல் தயாரிப்புச் சாலைக் கார்களில் எஃப்1-உம் ஒன்று.

உடற்கூட்டோடு அவர் நிற்கவில்லை. காருடன் கொடுக்கும் ஸ்பேனர் பெட்டியில்கூட டைட்டானியம் கருவிகள். ஒலிக்கருவியை எடை குறைவாகச் செய்துதரும்படி கென்வுட் நிறுவனத்திடம் கேட்டு வாங்கினார்கள். அதில் சிடி உண்டு, ரேடியோ கிடையாது. இத்தனை கோடி போட்டு வாங்குபவருக்கு ரேடியோ இல்லையா என்று கேட்கத் தோன்றும். ஆனால் இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் இருக்கிறது. சக்தியைக் கூட்டினால் கார் முன்னே பாய்வது மட்டும்தான் மேம்படும். எடையைக் குறைத்தால் பாய்வது, நிற்பது, திரும்புவது மூன்றும் மேம்படும், டயர் தேய்வதும் குறையும். அதோடு எடை தனியாக ஏறுவதில்லை. கார் கனமானால் பிரேக் பெரிதாக வேண்டும், பிரேக் பெரிதானால் சக்கரம் பெரிதாக வேண்டும், சக்கரம் கனமானால் ஸ்பிரிங்கும் டாம்பரும் கெட்டியாக வேண்டும். ஒரு கிலோவை எங்கேயோ விட்டுவைத்தால் அது வேறு இடங்களில் இன்னும் சில கிலோவை இழுத்துக்கொண்டு வரும். இதைப் பின்னோக்கி ஓட்டினால் கிடைப்பதுதான் எஃப்1.

இன்ஜினுக்கு மரே முதலில் போய் நின்றது ஹோண்டாவிடம். ஹோண்டா மறுத்துவிட்டது. பிறகு வந்தவர் பிஎம்டபிள்யூவின் பால் ரோஷே. இருவரும் ஒருவருக்கொருவர் புதியவர்கள் அல்ல. 1983-இல் நெல்சன் பிக்கே ஃபார்முலா 1 சாம்பியன் ஆன, பிரபாம் அணிக் காரின் உடல் மரேயுடையது, அதற்குள் இருந்த டர்போ இன்ஜின் ரோஷேயுடையது. இம்முறை மரே கேட்டது டர்போ இல்லாத இன்ஜின்: 550 குதிரைத்திறன், 250 கிலோ எடை, 600 மில்லிமீட்டர் நீளத்துக்குள் அடக்கம். ரோஷே கொடுத்தது 6.1 லிட்டர் வி12, 627 குதிரைத்திறன், 266 கிலோ. எடையில் 16 கிலோ கூடுதல். சக்தியில் கிடைத்த உபரியைப் பார்த்த பிறகு அதை யார்தான் குறையென்று சொல்வார்கள்!

டர்போ ஏன் வேண்டாம் என்றார்? டர்போ இன்ஜினில் காலை மிதித்த பிறகு வெளியேறும் வாயு டர்பைனைச் சுழற்றி, காற்றழுத்தம் ஏறி, அப்புறம்தான் முழு இழுவை வரும். அந்த இடைவெளியில் காலுக்கும் சக்கரத்துக்கும் உள்ள தொடர்பு அறுந்துபோகிறது. எஃப்1-இல் பன்னிரண்டு சிலிண்டருக்கும் தனித்தனி த்ராட்டில், அதாவது காற்றை அளந்து விடும் வால்வு. கிளட்சும் ஃப்ளைவீலும் முடிந்தவரை சிறியவை, அதனால் சுழற்சியை இழுத்துப் பிடிக்கும் கனம் கிட்டத்தட்ட இல்லை. பெடலைத் தொட்டால் ஊசி ஏறும், விட்டால் அதே வேகத்தில் விழும். இன்ஜினுக்குக் காற்று போகும் வாய் கூரையில், ஓட்டுபவரின் தலைக்கு நேர் மேலே இருக்கிறது. ஆகவே இன்ஜின் மூச்சிழுக்கும் சத்தம் பின்னாலிருந்து வராமல் உச்சந்தலையிலிருந்து வரும். இந்தக் காரை ஓட்டியவர்கள் எழுதியதைப் படித்தால் வேகத்தைவிட அந்தச் சத்தத்தைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருப்பார்கள்.

இவ்வளவு பெரிய இன்ஜின் கக்கும் வெப்பம் கார்பன் ஃபைபருக்கு ஆகாது. அதைப் பிணைத்திருக்கும் பிசின் இளகிவிடும். அதனால்தான் இன்ஜின் அறையின் உட்புறம் தங்கத் தகடு ஒட்டினார்கள். படம் பார்த்தவர்கள் இதைப் பணக்காரப் பகட்டு என்று நினைத்துக்கொள்வது வழக்கம். அகச்சிவப்புக் கதிர்களைத் திருப்பி அனுப்புவதில் தங்கம் மிகத் திறமையானது, மெல்லிய தகடாக ஒட்டினால் எடையும் ஏறாது. காரணம் அவ்வளவுதான்.

நடு இருக்கைக்கு வருவோம். இந்தக் காரில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது.

இன்ஜினை ஓட்டுபவருக்குப் பின்னால் வைக்கும் கார்களில் ஒரு பழைய தொல்லை உண்டு. உட்காரும் இடம் முன்னே தள்ளிப்போவதால் முன்சக்கர வளைவு காலுக்கு வேண்டிய இடத்தைத் தின்றுவிடும். பெடல்களைக் காரின் மையத்தை நோக்கி ஒதுக்கி வைப்பார்கள். இடுப்பு ஒரு திசையில், கால் இன்னொரு திசையில் என்று கோணலாக உட்கார்ந்து ஓட்ட வேண்டும். ஓட்டுபவரை நடுவில் வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. இரண்டு சக்கர வளைவுகளுக்கும் நடுவே கால்கள் நேராக நீளும், முதுகு நேராக இருக்கும், இரண்டு பக்கத்திலும் காரின் ஓரம் எங்கே முடிகிறது என்பது ஒரே அளவாகத் தெரியும். வளைவில் இடது வலது என்ற வித்தியாசம் இல்லாமல் கார் உங்களைச் சுற்றியே திரும்பும். இடது பக்கம் ஸ்டீயரிங் ஒரு தயாரிப்பு, வலது பக்கம் இன்னொரு தயாரிப்பு என்ற செலவும் மிச்சம்.

பயணிகளுக்கு ஓட்டுபவரின் இரு தோள்களுக்கும் சற்றுப் பின்னால் ஆளுக்கொரு இருக்கை. மூன்று பேர் போகலாம். பெட்டிகள் வைக்கப் பின்சக்கரங்களுக்கு முன்னால், இரண்டு பக்கமும் மூடியுள்ள அறைகள் இருக்கின்றன. ஒரு சூப்பர்காரில் இது ஆச்சரியம்தான்.

விலை கொடுக்க வேண்டிய இடம் ஏறி இறங்கும்போது. கதவு மேல்நோக்கிச் சாய்ந்து திறக்கும். அகலமான விளிம்பைத் தாண்டி, பயணி இருக்கையின் மேல் தவழ்ந்து நடுவுக்குப் போக வேண்டும். கியர் லீவர் வலது கைப்பக்கம் இருப்பதால் இடது பக்கமாக ஏறுவதே நல்லது. கௌரவமாக ஏறி இறங்கும் வழி இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. சுங்கச்சாவடியிலும் வாகன நிறுத்தச் சீட்டு எந்திரத்திடமும் பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் திண்டாட்டம்தான்.

காற்றைக் கையாண்ட விதத்திலும் அதே சிக்கனம். மரே 1978-இல் வடிவமைத்த பிரபாம் பிடி46பி, பின்னால் பெரிய விசிறி வைத்து அடியிலிருந்து காற்றை உறிஞ்சித் தன்னைத் தரையோடு அழுத்திக்கொண்ட பந்தயக் கார். ஸ்வீடனில் நிக்கி லவுடா அதை ஓட்டி வென்றார். பந்தயத்தில் அது ஓடியது அந்த ஒரே ஒரு முறைதான். எஃப்1-இன் அடியில் அதே எண்ணத்தின் சாதுவான வடிவம் உண்டு: இரண்டு சிறிய மின்விசிறிகள், அடிக்காற்றை வெளியேற்றும் பின்பக்கச் சரிவான டிஃப்யூசரின் ஒரு பகுதியில் தேங்கும் காற்றை இழுத்து, அங்கே ஓட்டம் பிரியாமல் பார்த்துக்கொள்கின்றன. பின்னால் நிரந்தர இறக்கை இல்லை. பலமாக பிரேக் போடும்போது மட்டும் ஒரு சிறு தகடு எழும். பிரேக் போட்டால் மூக்கு தாழ்ந்து காற்றழுத்தம் முன்பக்கம் நகர்ந்துவிடும். தகடு எழுந்து அதைப் பின்னுக்குக் கொண்டுவருகிறது. கூடவே பின் பிரேக்குகளைக் குளிர்விக்கும் காற்றுவழியும் திறந்துகொள்கிறது.

சரி, எடை குறைவு என்பதாலா 386 வந்தது? இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவாக்க வேண்டும். உச்ச வேகத்தில் எடையின் பங்கு மிகக் குறைவு. அங்கே எதிரி காற்று. காற்றை எதிர்க்கத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். வேகத்தை இரட்டிப்பாக்க எட்டு மடங்கு சக்தி வேண்டும். புகாட்டி வேரோனை எடுத்துக்கொள்ளுங்கள். 1,001 குதிரைத்திறன், அதாவது எஃப்1-ஐவிட 60 சதவீதம் அதிகம். மும்மடிக் கணக்குப்படி இதற்கு வேகம் சுமார் 17 சதவீதம் கூடி மணிக்கு 450 கிலோமீட்டரைத் தொட்டிருக்க வேண்டும். 2005-இல் அதே ஏரா-லெஸ்ஸியனில் அது எட்டியது 408. மீதி எங்கே போனது? பெரும்பகுதி காற்றில்தான். எஃப்1-இன் அகலம் 1.82 மீட்டர், வேரோன் ஏறக்குறைய 2 மீட்டர். அகலமான டயர், பத்து ரேடியேட்டருக்குக் காற்று இழுக்கும் வாய்கள், அந்த வேகத்தில் தரையை விட்டு எழாமல் இருக்க வேண்டிய அழுத்தம், எல்லாமே இழுவைதான். எஃப்1-ஐ ஒல்லியாக வைத்த முடிவு நெரிசலான சாலையிலும் உதவியது, நேர்கோட்டிலும் உதவியது.

புறப்படும்போது கதை தலைகீழ். ஒரு டன் எடைக்கு இத்தனை குதிரைத்திறன் என்று பார்த்தால் எஃப்1-க்குச் சுமார் 550, வேரோனுக்குச் சுமார் 530. ஆனால் நின்ற இடத்திலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டரை எட்ட எஃப்1 எடுத்துக்கொள்வது சுமார் 3.2 விநாடி, வேரோன் 2.5. வேரோனின் சக்தி நான்கு சக்கரங்களுக்கும் பிரிந்து போகிறது, கியரை எந்திரமே கண்ணிமைக்கும் நேரத்தில் மாற்றிவிடுகிறது. எஃப்1-இல் பின்னால் இரண்டு டயர், நடுவில் ஒரு மனிதர், அவர் வலது கையில் ஆறு கியர் கொண்ட லீவர். இன்றைய மின்சாரக் குடும்பக் கார்கள் சிலவே 3.2 விநாடியைச் சுலபமாக முறியடிக்கின்றன. முறியடிக்கட்டுமே. வேகத்துக்காக மட்டும் இந்தக் காரைப் புகழ்ந்தவர்களுக்குத்தான் அது வருத்தம்.

ஓட்டுவது எப்படி இருக்கும்? ஓட்டியவர்கள் சொன்னதையும் காரின் அமைப்பையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு சித்திரம் கிடைக்கிறது. பவர் ஸ்டீயரிங் இல்லை. நிறுத்தும்போது கை வலிக்கும். வேகம் எடுத்ததும் ஸ்டீயரிங் உயிர்பெற்று, முன் டயருக்குக் கீழே சாலை எப்படி இருக்கிறது என்பதைத் தொடர்ந்து கைக்குச் சொல்லும். மிதிக்கும் விசையைப் பெருக்கித் தரும் சர்வோ உதவி பிரேக்குக்குக் கிடையாது, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கிடையாது. பெடலைத் தொட்டால் போதும் என்ற நினைப்போடு மிதித்தால் கார் அசட்டை செய்யும். பலமாக, அளவாக அழுத்தக் கால் பழக வேண்டும். கார்பன் பிரேக்கை முயன்று பார்த்தார்கள், சூடேறாத நிலையில் பிடிக்காததால் இரும்பு டிஸ்குக்கே திரும்பினார்கள். சக்கரம் வழுக்குவதைத் தடுக்கும் மின்னணுக் கட்டுப்பாடும் இல்லை. ஈரமான சாலையில், கீழ் கியரில், வலது காலை எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்பது முழுக்க உங்கள் பொறுப்பு.

சஸ்பென்ஷன் பலர் எதிர்பார்ப்பதைவிட மென்மையானது. நீண்ட சாலைப் பயணத்துக்கான கார் என்று மரே நினைத்ததால் பந்தயக் கார்போல உடம்பைக் குலுக்காது. அதன் மறுபக்கமும் உண்டு: வளைவில் உடல் சாயும், பிரேக்கில் மூக்கு தாழும், அசைவு ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியும். இன்றைய சூப்பர்காரில் கணினி இந்த அசைவுகளை எல்லாம் மறைத்துவிட்டு, எல்லை தாண்டும் நொடியில் தானே கைகொடுக்கும். எஃப்1 எல்லை வருவதை முன்கூட்டியே சொல்லும், ஆனால் கைகொடுக்காது. இதில் எது மேல் என்று கேட்டால், திறமையுள்ள ஓட்டுநருக்கு எஃப்1, மற்ற எல்லோருக்கும் கணினி என்பேன். இந்தக் காரை வாங்கிய செல்வந்தர்களில் எத்தனை பேர் முதல் ரகம் என்பது வேறு விஷயம்.

பந்தயத்துக்காகப் பிறக்காத இந்தக் கார் 1995-இல் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை முதல் முயற்சியிலேயே வென்றது. யானிக் டால்மா, மசனோரி செகியா, ஜே.ஜே. லெட்டோ ஓட்டிய, ஜிடிஆர் என்ற பந்தய வடிவம் அது. பெரும்பகுதி மழையில் நடந்த பந்தயம். விதிப்படி இன்ஜினின் காற்று வாயைச் சுருக்க வேண்டியிருந்ததால் பந்தயக் காரின் சக்தி சுமார் 600 குதிரைத்திறன்தான். அதாவது கடையில் விற்ற சாலைக் காரைவிடக் குறைவு.

இவ்வளவு இருந்தும் வியாபாரம் படுத்துவிட்டது. விலை சுமார் 5,40,000 பவுண்டு. வெளிவந்த காலம் 1990-களின் தொடக்கப் பொருளாதார மந்தம். 300 வரை விற்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். சோதனை மாதிரிகள், பந்தயக் கார்கள் எல்லாம் சேர்த்து 1998 வரை உருவானது 106. அந்த 106-இல் ஒன்று 2021-இல் அமெரிக்காவில் பெபிள் பீச் ஏலத்தில் 2 கோடி டாலரைத் தாண்டி விலைபோனது. வைத்துக்கொள்வதும் லேசுப்பட்ட காரியமில்லை. எரிபொருள் தொட்டியை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அதற்கு இன்ஜினையே வெளியே இறக்க வேண்டும். காரின் கணினியோடு பேச 1990-களின் காம்பாக் லேப்டாப் ஒன்று தேவைப்பட்டது, அந்தப் பழைய பெட்டிகளைத் தேடிப் பிடித்து மெக்லாரன் பல வருடம் பாதுகாத்து வந்தது.

2020-இல் மரே தன் சொந்த நிறுவனத்தின் பெயரில் டி.50 என்ற காரை அறிவித்தார். நடு இருக்கை, மூன்று பேர், டர்போ இல்லாத வி12, கையால் மாற்றும் ஆறு கியர், ஆயிரம் கிலோவுக்கும் குறைந்த எடை, நிமிடத்துக்கு 12,100 முறை வரை சுழலும் காஸ்வொர்த் இன்ஜின், பின்னால் 400 மில்லிமீட்டர் மின்விசிறி. மொத்தம் நூறு கார்கள். எஃப்1-இல் தன்னை உறுத்திய குறைகள் எவை என்று அப்போது அவரே சொன்னார்: முகப்பு விளக்கு போதாது, ஏசி சுமார், பிரேக் கிறீச்சிடுகிறது, கிளட்சை அடிக்கடி சரிசெய்ய வேண்டியிருக்கிறது, பெட்டி ஏற்றுவது சிரமம். டி.50-இல் இவற்றைச் சரிசெய்தார். உச்ச வேகத்துக்கு இம்முறையும் அவர் இலக்கு வைக்கவில்லை.